பாட்டு கேட்க எந்த விளக்கு?

போன மாதம் வீட்டின் பின்கட்டு அறையை ஒழித்தேன். பழைய ட்ரங்குப் பெட்டிகள், உடைந்த கட்டில், மூட்டை கட்டிய பஞ்சாங்கங்கள் எல்லாம் போன பிறகு பத்துக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை கிடைத்தது. மகள் வாங்கித் தந்த ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர், என்னிடம் இருக்கும் ஐம்பது அறுபது இசைத்தட்டு, சாய்வு நாற்காலி ஒன்று. ஓய்வு பெற்றவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒன்றுதான் பாக்கி இருந்தது. என்ன விளக்குப் போடுவது?

எலெக்ட்ரீஷியன் பையன் கூரை ஓரமாக ஓடும் வண்ணப் பட்டை விளக்கைக் கைப்பேசியில் காட்டினான். "பாட்டுக்குத் தகுந்த மாதிரி கலர் மாறும் சார், ரிமோட்டும் உண்டு." "தம்பி, ரெண்டு நாள் யோசிச்சு சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். முப்பத்து நாலு வருஷம் மின்துறையில் வேலை பார்த்தவன் ஒரு விளக்குக்கு இரண்டு நாள் கேட்கிறானே என்று அவன் நினைத்திருப்பான். எனக்கு யோசனை விளக்கைப் பற்றி அல்ல. 1966 தீபாவளியைப் பற்றி. அந்தக் கதைக்கு வருவதற்கு முன், நம் ஊரில் பாட்டும் விளக்கும் சேர்ந்து வந்த வழியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் காஞ்சிபுரத்தைப் பட்டுக்காகவும் கோயிலுக்காகவும்தான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். பாட்டுக்கும் பேர் போன ஊர் இது. தனகோடி அம்மாள் சகோதரிகள் இந்த ஊர்க்காரர்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்தான் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தார். தாளக் கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக் கூட்டம் சூழ உட்கார்ந்து பாடுவார். வருஷா வருஷம் தியாகராஜர் உற்சவத்தை நாள் கணக்கில் நடத்தினார். சிறுமியாக அதைக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவர் 1919-ல் இங்கே பிறந்த டி.கே. பட்டம்மாள். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா சென்னையிலிருந்து இங்கே வந்துதான் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கற்றார்.

தனம்மாள் சென்னையில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை வாசிப்பார். வித்வான்களும் ரசிகர்களும் வந்து தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். ஒருவர் பேசக் கூடாது, அசையக் கூடாது. சின்னச் சத்தம் கேட்டாலும் அவருக்குப் பொறுக்காது. மைக் கிடையாது. வீணையின் இழைவு எவ்வளவு மெல்லியது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. அந்த வீட்டில் எந்த விளக்கு எரிந்திருந்தாலும் வாசிப்பவருக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. கேட்க வந்தவர்களும் காதை மட்டும்தான் நம்பி வந்தார்கள்.

எண்ணெய் விளக்குக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அது சத்தம் போடாது. நல்லெண்ணெய்த் திரி மஞ்சளாக, அசைந்தும் அசையாமலும் எரியும். பாடுபவர் முகம் பாதி தெரியும், பாதி தெரியாது. புத்தகம் படிக்கப் போதாது, பாட்டு கேட்கப் போதும்.

அதற்கு அடுத்து வந்தது காஸ் லைட் என்று நாம் சொன்ன பெட்ரோமாக்ஸ். 1885-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் என்பவர் ரசாயனத்தில் நனைத்த துணிவலையைச் சுடரில் பிரகாசிக்க வைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். நாம் மேண்டில் என்று கட்டிய வெள்ளைப் பை அதுதான். பம்ப் அடித்த மண்ணெண்ணெய் ஆவியாகி ஊசித் துளை வழியாகச் சீறிக்கொண்டு வரும். வெளிச்சம் பால் போல. கூடவே ஓயாத 'ஸ்ஸ்' சத்தமும். வரதர் கருட சேவையில் பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்து வரிசையாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். தெருவில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் முன்னால் அந்தச் சீறல் எடுபடாது. வீட்டுக்குள் பாட்டு என்றால் கதை வேறு. எங்கள் தெரு பஜனைக் கூடத்தில் விளக்கைப் பாடுகிறவர் பக்கத்தில் வைக்க மாட்டார்கள். வெளித் திண்ணையில், ஜன்னலுக்கு அப்பால் வைப்பார்கள். வெளிச்சம் உள்ளே வரும், இரைச்சல் வெளியே நிற்கும். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. காது சொல்லிக் கொடுத்தது.

அப்புறம் வானொலி வந்தது. சென்னை வானொலி நிலையம் தொடங்கிய நாள் 1938 ஜூன் 16. அதே 1938-ல்தான் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ட்யூப் லைட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் இந்த இரண்டும் சந்தித்துக்கொள்ள இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. சந்தித்த அன்றே சண்டை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் ஓட்டு வீடு. அப்பா நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதினார். கூடத்து அலமாரியில் அம்மா பின்னிய துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு மர்ஃபி வால்வு ரேடியோ இருக்கும். தபாலாபீஸ் லைசென்ஸ் புத்தகம் அதன் அடியில். கூடத்துக்கு ஒரே விளக்கு, நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு.

அப்பாவுக்கு வாரத்தில் ஒரு நாள் தனி நாள். சனிக்கிழமை. ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தேசிய சங்கீத நிகழ்ச்சி. 1952-ல் தொடங்கியது. டெல்லியிலிருந்து வருவதைச் சென்னை நிலையம் அஞ்சல் செய்யும். ஒரு வாரம் இந்துஸ்தானி, ஒரு வாரம் நம் கர்நாடகம் என்று மாறி மாறி வரும். ஒன்பது இருபத்தெட்டுக்கே ரேடியோவைப் போடுவார், வால்வு சூடேற அரை நிமிஷம் வேண்டும் என்று. பிறகு பல்பை அணைப்பார். டயலின் மஞ்சள் வெளிச்சமும், நிலையம் சரியாகப் பிடித்ததா என்று காட்டும் அந்தப் பச்சைக் கண்ணும் மட்டும் இருட்டில் தெரியும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் பதினொரு மணிக்குத்தான் எழுந்திருப்பார். பன்னிரண்டு வயதில் நாயனாப் பிள்ளையைக் கேட்டவர் அவர். தொடையில் தாளம் போடும் சத்தம் மட்டும் கேட்கும். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். இருட்டில் நான் அதைப் பார்த்ததில்லை.

1966-ல் நான் பத்தாம் வகுப்பு. அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. என் கூட்டாளி வீட்டில் ட்யூப் லைட் போட்டிருந்தார்கள். அங்கே படித்துவிட்டு வந்து நம் கூடத்தைப் பார்த்தால் குகை மாதிரி இருந்தது. "கண்ணு வலிக்குது, எழுத்து தெரியல" என்று அம்மாவிடம் தினமும் பாட்டுப் பாடினேன். தீபாவளிக்கு மாமா நாலடி ட்யூப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மாட்டியே விட்டார். அதுவும் நாற்பது வாட்ஸ்தான். வெளிச்சமோ குண்டு பல்பைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாது. ஸ்டார்ட்டர் இரண்டு மூன்று தரம் கண்சிமிட்டி, பளீரென்று எரிந்தபோது தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தீபாவளி கழிந்த முதல் சனிக்கிழமை. நான் ட்யூப் வெளிச்சத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ரேடியோவைத் திருகினார். பாட்டுக்குப் பதில் 'டர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். ஏரியலை நகர்த்திப் பார்த்தார். ரேடியோவைத் திருப்பி வைத்துப் பார்த்தார். கடைசியில் எழுந்து ட்யூபை அணைத்தார். தம்புரா சுத்தமாகக் கேட்டது. மறுபடி போட்டார். இரைச்சல். என்னையும் என் நோட்டையும் ஒரு தரம் பார்த்தார். ரேடியோவை மூடி, துணியைப் போர்த்தினார். "படிடா" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் ரேடியோவைத் தொடவே இல்லை. ஒன்பது மணிக்கு, "சங்கத்துல கணக்கு பாக்கி இருக்கு" என்று கிளம்பிவிட்டார். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாவுக்குப் புது விளக்குப் பிடிக்கவில்லை, மாமா வாங்கித் தந்ததில் ரோஷம், பழமையில் ஊறினவர் என்று நினைத்தேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. 1968 மார்ச்சில் பரீட்சை எழுதினேன், நல்ல மார்க்கு வாங்கினேன், பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனேன். பிறகு வேலை, கல்யாணம், மாற்றல்.

அப்பா 1991-ல் காலமானார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் நாலு வீடு தள்ளி இருந்த தறிக்காரப் பெரியவர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, உங்க அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்துதான் கச்சேரி கேட்பாரு. உள்ள வாங்கன்னா வர மாட்டாரு. எங்ககிட்ட பதினஞ்சு வாட்ஸ் பல்புதான், அதையும் அணைச்சிடுவோம். பையன் படிக்கிறான், அவன்கிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லுவாரு. மழையில கூடக் குடை புடிச்சிக்கிட்டு வந்திருக்காரு."

1966 தீபாவளியிலிருந்து 1968 மார்ச் வரை எண்ணிப் பார்த்தேன். எழுபது சனிக்கிழமைக்குக் குறையாது. ஒரு ஸ்விட்சை அணைத்தால் தீர்ந்துபோகும் விஷயம். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் நான் பழைய குண்டு பல்பில் படித்திருக்கலாம். அது அதே கூடத்தில் அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் கேட்டிருந்தால் முணுமுணுத்துக்கொண்டாவது அணைத்திருப்பேன். அந்த முணுமுணுப்பு வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை போலிருக்கிறது.

ட்யூப் ஏன் ரேடியோவைக் கெடுத்தது என்பது எனக்குப் பாலிடெக்னிக்கிலேயே தெரியும். நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுற்று. ட்யூபுக்குள் இருக்கும் வாயு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் அணைந்து பற்றும், வினாடிக்கு நூறு தரம். ஒவ்வொரு தரம் பற்றும்போதும் ஒரு மின் அதிர்வு கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் பரவும். மத்திய அலை வானொலி அலையின் உயரத்தைத்தான் ஒலியாக மாற்றுகிறது. இந்த அதிர்வும் அதில் ஏறிக்கொள்ளும். இப்போதைய பண்பலைக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது.

இன்னொன்றும் உண்டு, சோக்கின் முனகல். அதற்குள் இருக்கும் இரும்புத் தகடுகளும் வினாடிக்கு நூறு தரம் அதிரும். சங்கீதம் தெரிந்தவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டை சுருதியில் பாடினால் ஆதார ஷட்ஜம் சுமார் 131 அதிர்வு. தம்புராவின் முதல் தந்தி, மந்தர பஞ்சமம், 98. சோக்கு 100-ல் முனகுகிறது. பஞ்சமத்துக்குப் பக்கத்திலேயே, ஆனால் ஒரு இழை தூக்கலாக. சுருதி சேராத ஐந்தாவது தந்தி ஒன்றை யாரோ ஓயாமல் மீட்டிக்கொண்டிருப்பது போல. மின் பற்றாக்குறைக் காலத்தில் அலைவெண் 48.5 வரை இறங்கியதை நான் மீட்டரில் பார்த்திருக்கிறேன். அப்போது முனகல் 97-க்கு வந்துவிடும், பஞ்சமத்துக்குக் கீழே. நாயனாப் பிள்ளையைக் கேட்ட காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

கணக்கெல்லாம் தெரிந்தும் எங்கள் கூடத்தில் நடந்தது எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷமும் ஒரு பெரியவரின் வாயும் வேண்டியிருந்தன.

இனி என் அறைக்கு வருகிறேன். குண்டு பல்பு போய், சுருள் சி.எஃப்.எல். வந்து, அதுவும் போய், இப்போது எல்.இ.டி. நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டிய, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலம் இல்லாமல் இன்றைய வெள்ளை வெளிச்சம் இல்லை. நல்ல பொருள்தான், சிக்கனமும்கூட. ஆனால் எல்லா எல்.இ.டி.யும் ஒன்றல்ல. மலிவு பல்புக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் பழைய ட்யூபைப் போலவே மத்திய அலையில் இரையும். பாக்கெட் டிரான்சிஸ்டரை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, எரியும் பல்புக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். இரைந்தால் அந்த பல்பு பாட்டு அறைக்கு ஆகாது. கடையில் இப்படிச் சோதித்தேன். கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் தாமே நாலைந்து பல்பை எடுத்துக் கொடுத்து, "இதையும் பாருங்க" என்றார்.

வெளிச்சத்தின் நிறத்தை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காந்தி ரோடு ஜவுளிக் கடையில் புடவை எடுக்கும் எந்தப் பெண்ணும் அரக்கு நிறத்தையும் மயில் கழுத்தையும் கடை விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்ய மாட்டாள். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பாள். அந்த வாசல் வெளிச்சத்துக்கு எவ்வளவு நெருக்கமாக ஒரு பல்பு நிறத்தைக் காட்டுகிறது என்பதற்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நூற்றுக்கு 90-க்கு மேல் இருந்தால் நல்லது. இன்னொரு எண் கெல்வின். 6500 என்றால் ட்யூப் லைட் வெள்ளை, 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். பாட்டு கேட்க 2700 போதும்.

முழு இருட்டில் கேட்கலாமே என்பீர்கள். அப்பா கேட்டார், அவருக்கு வயது நாற்பத்தைந்து. எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். இருட்டில் எழுந்து தட்டைத் திருப்பிப் போடப் போய் ஒயர் தடுக்கி விழுந்தால் சங்கீதம் எலும்பு முறிவில் முடியும். அதனால் மூன்று விளக்கு வைத்தேன். ஒன்று நாற்காலிக்குப் பின்னால், சுவரைப் பார்த்த மாதிரி. பல்பு கண்ணில் படாது, சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் வரும். இரண்டாவது தட்டு வைக்கும் மேஜை மேல், லேபிளைப் படிக்க, குனிந்து நிற்கும் சின்ன விளக்கு. வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். மூன்றாவது வாசல்படி ஓரம் தரையோடு தரையாக. ரெகுலேட்டர் போட்டு மங்க வைக்கும் ஏற்பாட்டை வேண்டாம் என்றேன். அந்த வகை ரெகுலேட்டர் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும், ஸ்பீக்கரில் முனகலாக அது எட்டிப் பார்க்கும். குறைந்த வாட்ஸ் பல்பே போதும். விளக்குக்கு ஒரு லைன், ஆம்ப்ளிஃபையருக்குத் தனி லைன். இவ்வளவுதான். வண்ணப் பட்டை விளக்குக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகவில்லை.

போன சனிக்கிழமை ராத்திரி முதல் தடவையாக உட்கார்ந்தேன். ஒன்பதரை மணி என்று நான் திட்டம் போடவில்லை, சாப்பாடு முடிந்து வரும்போது அதுதான் மணி. பட்டம்மாள் தட்டு ஒன்றை வைத்தேன். பேரன் பரீட்சைக்குப் படிக்கிறவன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "தாத்தா, இங்க உக்காந்து படிக்கட்டுமா, ஹால்ல டி.வி. ஓடுது" என்றான். மேஜை விளக்கை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். புத்தகத்தின் மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. எங்கும் ஒரு முனகல் இல்லை. அவன் படித்தான், நான் கேட்டேன்.

ஒரு தரம் தலையைத் தூக்கி, "என்ன தாத்தா, தொடையில தட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றான்.

"தாளம்டா" என்றேன். "படி."